“ஆர் செய்ததெண்டு அப்பவே தெரியும்”: துப்பறியும் நாடகத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலைய நாடகக் குழுவுக்குப் பிரதி திருத்திக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் புராணக் கதையும் சீதனக் கொடுமையும்தான் வரும். இப்போது பெடியள் கொலைக்கதையோடு வருகிறார்கள். கதை வேறு வேறு, பிழை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்.

நாடகம் பார்த்த சனம் “மூன்றாம் காட்சியில் தடயம் சரியாக வைக்கப்படவில்லை” என்று சொல்லாது. “என்னவோ மாதிரி இருந்தது தம்பி” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே சனம் சொல்வதை அறிகுறியாக வைத்துக்கொண்டு உள்ளே என்ன பழுது என்று தேடுவோம்.

முதலில் ஒரு சோதனை. கதை தெரியாத ஐந்து பேரை உட்கார்த்திப் பிரதியைச் சத்தமாக வாசியுங்கள். குற்றவாளி வெளிப்படும் காட்சிக்கு முன்னால் நிறுத்துங்கள். ஆர் செய்தது, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று ஆளுக்கொரு துண்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு முடிவை வாசியுங்கள். ஒருவரோ இருவரோ சரியான காரணத்தோடு கண்டுபிடித்து, மற்றவர்கள் முடிவைக் கேட்டதும் தலையில் கைவைத்தால் பிரதியைத் தொடவேண்டாம். மற்றபடி கீழே பாருங்கள்.

ஐந்து துண்டிலும் ஒரே பெயர்

பெரும்பாலும் காரணம் வேலையில்லாப் பாத்திரம். செத்தவருக்கு மனைவி வேண்டும், கடன் கொடுத்தவர் வேண்டும், பிணத்தைக் கண்ட ஆள் வேண்டும். அப்புறம் ஒரு சிநேகிதர் சும்மா வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். இவருக்கு வேறு வேலையே இல்லையே, அப்படியானால் கொலை செய்யத்தான் வந்திருக்கிறார் என்று சனம் கணக்குப் போட்டுவிடும். ஒவ்வொரு பெயரையும் எழுதி, பக்கத்தில் ‘கொலை தவிர இவருக்குக் கதையில் என்ன வேலை?’ என்று கேளுங்கள். எந்தப் பெயருக்கு விடை வரவில்லையோ அங்கேதான் ஓட்டை. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். செத்தவரின் மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவராக, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறவராக இருக்கட்டும்.

பொருட்களுக்கும் இதே கதைதான். சுவரில் துப்பாக்கி தொங்கினால் அது பின்னால் வெடிக்கவேண்டும் என்ற ருஷ்ய நாடகாசிரியர் செகோவின் விதி எல்லோருக்கும் தெரியும். துப்பறியும் கதையில் அதுவே நம் காலை வாரிவிடும். மேடையில் கத்தி ஒன்று தெரிந்தால் சனம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கத்தி முதலில் நேர்மையாகக் கொஞ்சம் உழைக்கட்டும். முதற்காட்சியில் இளநீர் வெட்டட்டும், இரண்டாம் காட்சியில் வேலிக் கதியாலைச் சீவட்டும். அதற்குப் பிறகு காணாமல் போனால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

மேடைக்கே உரிய பழுது ஒன்றும் உண்டு. ஊரில் நல்லாக நடிக்கிற ஆளுக்குத்தான் கொலைகாரன் வேடம் போகும், அது சனத்துக்கும் தெரியும். அவரைப் பிணமாகப் போடுங்கள். கோபிப்பார், பரவாயில்லை.

“இது ஏமாத்து வேலை”

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, முடிவைக் கேட்டதும் கோபமும் வருகிறது என்றால் நீங்கள் ஒப்பந்தத்தை மீறியிருக்கிறீர்கள். துப்பறிபவர் காண்பதைச் சனமும் காணவேண்டும் என்பதுதான் அந்த ஒப்பந்தம். இங்கிலாந்தில் ரொனால்ட் நொக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் இதற்குப் பத்து விதி எழுதினார். அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்கவேண்டும், பேய் பிசாசு வரக்கூடாது, தற்செயலாக உண்மை வெளிவரக்கூடாது, முன்கூட்டிச் சொல்லாமல் இரட்டைப்பிள்ளையைக் கொண்டுவரக்கூடாது என்று போகும் அந்தப் பட்டியல். அடுத்த ஆண்டு லண்டனில் எழுத்தாளர்கள் கூடித் தொடங்கிய கழகத்தில், இந்த மாதிரி நேர்மைக்குச் சத்தியப்பிரமாணமே எடுத்தார்கள். பாதி விளையாட்டுத்தான். விதி விளையாட்டல்ல.

எங்களிடம் வந்த ஒரு பிரதியைச் சொல்கிறேன். கதை 2012இல் நடக்கிறது. சந்தேக நபர் “அண்டைக்கு நான் கொழும்பில இருந்து ரயிலில வந்து கிளிநொச்சியில இறங்கினனான்” என்கிறார். கடைசிக் காட்சியில் துப்பறிபவர் சட்டைப் பைக்குள்ளிருந்து ரயில்வேக் கடிதம் ஒன்றை எடுத்து “நீ பொய்யன்!” என்கிறார். அந்தக் கடிதத்தை அதுவரை ஒருவரும் காணவில்லை. இதுதான் ஏமாத்து.

கடிதமே தேவையில்லை. போருக்குப் பிறகு தண்டவாளம் போட்டு ரயில் கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்டெம்பரில். 2012இல் ஓமந்தையோடு நின்றுவிடும், அங்கிருந்து பஸ். ஓமந்தையில் மூட்டை முடிச்சோடு இறங்கிய சனம்தான் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. தடயம் அவர்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது! அந்தப் பொய்யைச் சத்தமில்லாமல் சொல்லவைத்தால் போதும்.

எப்படிச் சத்தமில்லாமல்? சந்தேக நபர் பயணத்தைப் பற்றிப் புலம்பட்டும். பெட்டிக்குள் சனநெரிசல், பக்கத்தில் ஒரு பிள்ளை அழுதது, காலை நீட்ட இடமில்லை, கிளிநொச்சி ஸ்டேசனில் இறங்கினால் ஓட்டோக்காரன் கேட்ட காசு. ஸ்டேசன் நடுவில் போகட்டும், ஓட்டோக் காசில் சிரிப்பு வரட்டும். தடயம் அந்தச் சிரிப்புக்குள் மூடுபட்டுவிடும். வயது குறைந்தவர்களுக்கு ரயில் வந்த ஆண்டு நினைவிராது. அவர்களுக்காக வேறொரு காட்சியில் ஒரு கிழவி “ஸ்டேசன் திறக்கிற வரியம்தான் இவள் பள்ளிக்கூடம் போவாள்” என்று பேத்தியைக் காட்டட்டும், பேத்தி இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்பதும் எங்காவது வரட்டும். ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே. தடயத்தை ஒளிக்கவேண்டாம், அதன் பொருளை ஒளியுங்கள். எங்கள் ஒத்திகைக் கொட்டிலின் கதவில் சோக்கால் எழுதி வைத்திருப்பது இதை மட்டும்தான்.

“கருவாடு நாறிச்சுது”

பொய்த்தடத்துக்கு ஆங்கிலத்தில் ரெட் ஹெரிங் என்று பெயர். உப்பிட்டுப் புகையூட்டிச் சிவந்த மீன், அதாவது ஒருவகைக் கருவாடு. மோப்பம் பிடித்துப் போகும் வேட்டைநாயை அந்த மீனை இழுத்துத் திசைதிருப்பியதாக வில்லியம் கொபெற் என்ற பத்திரிகைக்காரர் 1807இல் எழுதிய கதையால் இந்தச் சொல் பரவியது. எங்கள் குழுவில் நேராகக் கருவாடு என்றே சொல்கிறோம். முல்லைத்தீவுப் பெடியள் இருக்கிற குழுவில் அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை.

பழுது என்னவென்றால் கருவாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறந்துபோவது. அயல்வீட்டுக்காரர் நள்ளிரவில் மண்வெட்டியோடு போகிறார், சனம் பயந்துபோய்ப் பார்க்கிறது, கடைசிவரை ஏன் போனார் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒவ்வொரு பொய்த்தடத்துக்கும் கீழே ஒரு உண்மை இருக்கவேண்டும். முறை இல்லாத நாளில் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். அதைச் சொன்னால் ஊர்க்கூட்டத்தில் மானம் போகும், சொல்லாவிட்டால் கொலைப்பழி. அந்தத் தவிப்பே தனிக்காட்சிக்குக் காணும். இரண்டு கருவாடு ஒரு மணி நேர நாடகத்துக்கு அளவு. மூன்றாவது வந்தால் நாற்றம்.

“கதை எங்கையோ நடக்கிற மாதிரிக் கிடக்கு”

பிரதியைத் திறந்தால் மலைப்பங்களா, மின்னல், சமையற்காரர், தோட்டக்காரர், கையுறை போட்ட கொலைகாரன். வன்னியில் இது எங்கே நடக்கும்? ஊரை மாற்றினால் மட்டும் போதாது, தடயமும் இந்த மண்ணில் முளைக்கவேண்டும். நான் அதிக நேரம் செலவழிப்பது இந்தப் பழுதில்தான். ஒருநாள் மாலை குழுவோடு இருந்து, பொய்யைப் பிடிக்க நம்மூரில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போட்டோம். கொப்பியில் நாலு பக்கம் வந்தது.

தண்ணீர் முறை: குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்களுக்கு எந்த நாள் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் என்று தெரியும். மழை குறைந்த காலத்துச் சிறுபோகத்தில் இன்னும் இறுக்கம், எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்றே கூட்டம் வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். “ராவு முழுக்க வயலுக்குத் தண்ணி கட்டினனான்” என்கிற ஆளின் அலிபியை, அதாவது அந்நேரம் தான் வேறிடத்தில் நின்றதாகச் சொல்லும் வாதத்தை, உடைக்க முறைக்கொப்பியைப் பார்த்தால் போதும்.

போயா: பூரணையன்று சாராயக்கடை பூட்டு. அன்றிரவு பாரில் இருந்தேன் என்பவர் பொய் சொல்கிறார். கசிப்பு குடித்தேன் என்றால் அது வேறு வழக்கு.

நிலா: “நிலவு வெளிச்சத்தில முகத்தைக் கண்டனான்” என்கிற சாட்சிக்குப் பஞ்சாங்கத்தைத் திறந்து காட்டலாம். அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1858இல், ஒரு கொலை வழக்கில் பஞ்சாங்கத்தை நீட்டித்தான் சாட்சியை மடக்கினார்.

நாய்: குரைக்காத நாய் என்பது கொனன் டொயில் 1892இல் ஒரு ஷெர்லொக் ஹோம்ஸ் கதையில் வைத்த தடயம். வந்தவன் நாய்க்குப் பழக்கமானவன் என்பது அதன் பொருள். நூற்றுமுப்பது வருடமாக எல்லோரும் அதையே பிரதி எடுக்கிறார்கள். அப்போது எங்கள் குழுவில் வயற்காவலுக்குப் போகிற ஒரு தம்பி சொன்னார்: “அண்ணை, நாய் தெரிஞ்ச ஆளுக்குக் குரைக்காது. ஆனா ஆட்காட்டி ஆரெண்டு பாக்காது, கத்தும்.” உண்மைதானே! ஆட்காட்டிக் குருவி வயல்வெளியில் கூடு வைக்கும், இரவிலும் ஆள் நடமாட்டம் கண்டால் கத்தும், வரம்பில் நடப்பது சொந்தக்காரனா கள்ளனா என்று அதற்குக் கவலையில்லை. அப்படியென்றால் ஆட்காட்டி கத்தியது, நாய் குரைக்கவில்லை என்ற இரண்டையும் சேர்த்தால் என்ன வரும்? வீட்டுக்குப் பழக்கமான ஒருவர் றோட்டால் வராமல் வயலால் வந்திருக்கிறார். இரண்டு சத்தத்தையும் இரண்டு வேறு வேறு பாத்திரங்கள் வேறு வேறு காட்சியில் சொல்லட்டும். நான் இத்தனை வருடத்தில் பார்த்த தடயங்களில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். அது எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை.

காலப்பிழையும் இதே குடும்பம். 2005இல் கிளிநொச்சியில் நடக்கும் கதையில் சந்தேக நபர் கைத்தொலைபேசியில் பேசுகிறார், இலங்கைப் பொலிஸ் ஓஐசி, அதாவது நிலையப் பொறுப்பதிகாரி, ஜீப்பில் வந்து இறங்குகிறார் என்று எழுதினால், முன்வரிசை அம்மா சிரித்துவிடுவார். அப்போது இங்கே புலிகளின் நிர்வாகம், வேறு பொலிஸ். ஏ9 வீதி 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் முகமாலையில் பூட்டுப்பட்டது. உங்கள் பாத்திரம் 2007இல் கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி முகமாலை தாண்டி யாழ்ப்பாணம் போகமுடியாது.

“அந்த டொக்டர் என்ன, பக்கத்தில நிண்டவரோ?”

“இறந்த நேரம் இரவு 9.17” என்று வைத்தியர் சொல்கிறார். எந்தச் சட்ட வைத்திய அதிகாரியும் நிமிடக்கணக்கில் சொல்லமாட்டார். உடல் குளிர்வதை வைத்துச் சொல்வது ஒரு மதிப்பீடு. சுற்றுச் சூடு உடற்சூட்டை நெருங்கும் நம் சித்திரை வைகாசியில் உடல் மெதுவாகத்தான் குளிரும், மதிப்பீடு இன்னும் தளர்ந்துபோகும். “மாலைக்கும் நடுச்சாமத்துக்கும் இடையில்” என்று எழுதுங்கள். இடைவெளி அகன்றால் நாலு பேருடைய அலிபி ஆடும், உங்களுக்குத்தான் லாபம். மண்வெட்டியின் சொரசொரத்த பிடியில் பளிச்சென்று கைரேகை கிடைக்கிற காட்சியையும் வெட்டிவிடுங்கள்.

“இவர் ஆர், ஏன் எல்லாத்தையும் விசாரிக்கிறார்?”

தொப்பி போட்ட தனியார் துப்பறிவாளர் நம்மூரில் கதவைத் தட்டினால் படலையைத் திறக்கமாட்டார்கள். கேள்வி கேட்கும் உரிமை ஏற்கனவே உள்ள ஒருவரைத் தேடுங்கள்: கிராம அலுவலர், தபாற்காரர், வீடுவீடாகப் போகும் குடும்பநல மாது. குடும்பநல மாதுவுக்கு எந்த வீட்டில் ஆர் சாப்பிடவில்லை, ஆர் அழுதது என்பது வரை தெரியும். கூடவே ஒரு துணை ஆளும் தேவை. சனத்தின் மனதிலுள்ள கேள்வியை வாய்விட்டுக் கேட்பது அவர் வேலை. ஹோம்ஸுக்கு வாட்சன் மாதிரி. நொக்ஸின் விதிப்படி அவருடைய அறிவு வாசகரின் அறிவைவிட மயிரிழை குறைவாக இருக்கவேண்டும். மயிரிழைதான். எங்கள் பிரதிகளில் அவரை முழுக் கோமாளியாக்கிவிடுகிறார்கள்.

“கடைசியில அவனே ஒத்துக்கொண்டிட்டான், பிறகென்ன?”

எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி முடிச்சவிழ்க்கும் காட்சி பழைய வழக்கம். முதற்பழுது, சந்தேக நபர்கள் ஏன் வருகிறார்கள் என்பது. இதற்கு நம்மிடம் அருமையான விடை இருக்கிறது: அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் செத்தவீட்டுக்கு எல்லோரும் வந்துதான் ஆகவேண்டும், வராதவன்மேல் சந்தேகம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றுகிற நேரத்தில் குடும்பநல மாது வாயைத் திறக்கட்டும்.

இரண்டாவது பழுது பெரியது. குற்றவாளி இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்து “நான்தான் கொண்டனான்” என்று அழுகிறார், திரை விழுகிறது. வழக்கு முடிந்ததென்று நினைக்கிறீர்களா? இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம், 25ஆம் பிரிவு: பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சட்டப்படி உங்கள் கொலைகாரன் வீட்டுக்குப் போகலாம். ஆனால் 27ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி ஏற்கப்படும். ஆகவே அழுகையை வெட்டிவிட்டு, “துருசடியில, கல்லுக்குக் கீழ பாருங்கோ” என்ற ஒற்றை வரியை வையுங்கள். அங்கே கத்தி கிடைக்கட்டும். நாடகமாகவும் அதுதான் நல்லது. அழுகை சீக்கிரம் மறந்துபோகும், இளநீர் வெட்டிய கத்தி மறக்காது.

1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கணக்கு வேறு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதலைப் பயன்படுத்தலாம். அந்த வித்தியாசத்தைச் சட்டப் புத்தகத்தில் படிக்காமலேயே தெரிந்துகொண்ட குடும்பங்கள் முன்வரிசையில் இருக்கும். பொலிஸ் அடித்து ஒப்புதல் வாங்கும் காட்சிக்குக் கைதட்டு விழும் என்று எண்ணி எழுதவேண்டாம்.

சனம் எழும்பிப் போகிறது

கோயில் திருவிழாவில் கொலை நாடகம் போட்டீர்களா? பாதியில் வருவார்கள், கச்சான் வாங்கப் போவார்கள், மைக் இரையும், பிள்ளை அழும். ஒரு வரியைத் தவறவிட்டால் கதையே புரியாத ‘ஆர் செய்தது’ வடிவம் அந்தத் திறந்தவெளியில் நிற்காது. மண்டபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியரங்குக்குத் தலைகீழ் வடிவம் பொருந்தும். குற்றம் முதலிலேயே கண்ணெதிரில் நடந்துவிடும், எப்படிப் பிடிபடுவான் என்பதுதான் பரபரப்பு. ஒஸ்டின் ஃபிறீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912இல் இதைத் தொடங்கியதாகத் துப்பறியும் கதை வரலாற்றில் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். வற்றாப்பளை அம்மன் பொங்கலையும் முல்லைத்தீவின் கோவலன் கூத்தையும் கண்டு வளர்ந்த சனத்துக்கு இது புதிதா? சிலம்பைத் திருடியது தட்டான் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்துகொண்டுதான் விடிய விடிய இருப்பார்கள். வழக்காடும் காட்சியின் கட்டமைப்பைப் பாருங்கள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி சொல்கிறாள். எங்களுடையது முத்து என்று பாண்டியனே தன் வாயால் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் சிலம்பு உடைகிறது. உடைத்த பிறகு விளக்கம் சொல்லியிருந்தால் அது வாய்ச்சண்டை. முதலில் இருவரையும் வாக்கில் கட்டி, பிறகு சோதனை. தடயக் காட்சி எழுதுகிற எவருக்கும் இதைவிட நல்ல பாடம் நான் கண்டதில்லை.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை

காணாமற்போன ஒருவரைத் தேடும் கதை வேண்டும் என்று ஒரு தங்கச்சி எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாம் காட்சியில் காணாமற்போனவர் கனடாவிலிருந்து கோல் எடுக்கிறார், எல்லோரும் சிரிக்கவேண்டும். வாசிப்புச் சோதனையில் ஒருவரும் சிரிக்கவில்லை, துண்டிலும் எழுதவில்லை. இதைத் திருத்த எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. துப்பறியும் கதை என்பதே கேட்ட கேள்விக்குக் கடைசிப் பக்கத்தில் விடை வரும் என்ற வாக்குறுதி. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமற்போனவர்களின் தாய்மார் வீதியில் உட்கார்ந்தது விடை வராததால். அவர்களில் எவராவது பார்க்க வந்திருக்கக்கூடும் என்று நினைத்து அந்தப் பிரதியை எழுதவேண்டும், அல்லது கதையில் கொலையையோ களவையோ வைத்துக்கொள்ளவேண்டும். தங்கச்சி பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். இன்னும் எழுதுகிறார்.

இரண்டாம் ஊரில் முடிவு தெரிந்துவிட்டது

லண்டனில் 1952இல் தொடங்கிய ஒரு கொலை நாடகத்தில் முடிவை வெளியில் சொல்லவேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சனத்தைக் கேட்டுக்கொள்வார்கள். நாங்களும் மைக்கில் கேட்டோம். அடுத்த ஊரில் திரை திறக்கும் முன்பே ஒரு சின்னன் “மாடு பாக்கிறவர்தான்!” என்று கத்தியது.

கச்சான் விற்கிற தம்பி இரண்டு ஊருக்கும் வந்திருந்தார். அவர்தான் சொல்லியிருப்பார் என்று பிடித்து விசாரித்தோம். “எனக்கு ஆர் கொலைகாரன் எண்டே தெரியாது அண்ணை, நான் மேடையைப் பாக்கிறேல்லை. ஆனா எந்த இடத்தில சனம் கச்சான் கொறிக்கிறதை நிப்பாட்டினது எண்டு சொல்லுவன்” என்றார். சொன்னார். முதல் ஊரில் இரண்டு இடம், இரண்டாம் ஊரில், முடிவு தெரிந்த பிறகும், அதே இரண்டு இடம்: அயல்வீட்டுக்காரர் மண்வெட்டியோடு நிற்கிற காட்சியும், ஆட்காட்டி கத்துகிற காட்சியும். பிரதியில் அந்த இரண்டையும் நாங்கள் தொடவில்லை. மற்றதெல்லாம் இப்போது திருத்தத்தில் இருக்கிறது.